சாலையில் எரியும் எண்ணெயும் சர்க்காரின் வரியும்

பெட்ரோல் விலை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறிய மறுநாள் காலையில் எந்த ஊர் பங்க்கில் நின்றாலும் ஒரே வாக்கியம்தான் காதில் விழும்: "எவ்வளவு ஏத்தினாலும் போடுறவன் போட்டுக்கிட்டுத்தான் இருப்பான்." பொதுஜனங்களின் அன்றாட அனுபவத்திலிருந்து பிறந்த அபிப்பிராயமாகையால் இதை அலட்சியமாக ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் இது முற்றிலும் உண்மையானால், சாலைப் போக்குவரத்திலிருந்து எழும் கரியமில வாயுவைக் குறைப்பதற்கு அரசாங்கங்களின் கையில் இருக்கும் மிகப் பழைய கருவியாகிய எரிபொருள் வரி, கஜானாவை நிரப்பும் உபாயமேயன்றி வேறல்ல என்று முடிவு கட்ட நேரும். அது அவ்வாறல்ல என்பதும், நம் நாட்டில் அந்தக் கருவி கையாளப்படும் முறையினால் அதன் வலிமையில் பெரும்பகுதி வீணாகிறது என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

முதலில் பொருளின் இயல்பைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எரியும்போது அதிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக்கொள்வதால், வண்டியின் புகைக்குழாய் வழியே வெளியேறும் கரியமில வாயுவின் எடை சுமார் 2.3 கிலோவாகப் பெருகுகிறது; டீசலுக்கு அது 2.6 கிலோவைத் தாண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு போன்ற விதிகள் கந்தகத்தையும் புகைத்துகளையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் பெருமளவு கட்டுப்படுத்தியிருக்கின்றன. கரியமில வாயுவின் விஷயத்தில் மட்டும் அத்தகைய வடிகட்டி எதுவும் வண்டியில் பொருத்த முடியாது. எண்ணெயைக் குறைவாக எரிப்பது ஒன்றே வழி. பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழு 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-ம் ஆண்டில் உலகின் எரிசக்தித் துறைக் கரியமில வாயுவில் 23 சதவீதம் போக்குவரத்திலிருந்து எழுந்தது. போக்குவரத்தின் நேரடி வெளியேற்றத்தில் சுமார் 70 சதவீதம் சாலை வாகனங்களுடையது. ஆகவே, மக்கள் எவ்வளவு எண்ணெய் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள், எதனால் குறைத்துக்கொள்கிறார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை காணாமல் பருவநிலைக் கொள்கை வகுப்பது சாத்தியமில்லை.

விலைக்கும் தேவைக்கும் உள்ள உறவை அளப்பதற்கு ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் நிலைநிறுத்திய 'நெகிழ்ச்சி' என்னும் கருத்தையே பொருளாதார அறிஞர்கள் இன்றும் கையாளுகிறார்கள். பெட்ரோலைப் பற்றி உலகின் பல பாகங்களில் நடந்த நூற்றுக்கணக்கான மதிப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்து மாலி எஸ்பி 1998-ல் செய்த தொகுப்பாய்வு, விலை பத்து சதவீதம் ஏறினால் ஓராண்டுக்குள் தேவை இரண்டரை சதவீதத்தை ஒட்டியும், பல ஆண்டுகள் சென்றபின் ஆறு சதவீதத்தை ஒட்டியும் குறைவதாகச் சராசரி காட்டிற்று. அதற்கு முன்பே, 1991-ல், கரோல் டாலும் தாமஸ் ஸ்டெர்னரும் செய்த மதிப்புரையில் நீண்டகால விளைவு இதைவிடவும் பெரிதாகத் தோன்றியது. பங்க்கில் நின்று பேசுகிறவரின் அபிப்பிராயம் எந்த அளவுக்கு மெய், எந்த இடத்தில் பிசகுகிறது என்பது இங்கே விளங்குகிறது: அவர் பார்ப்பது மறுநாளை, விலை வேலை செய்வதோ பல ஆண்டுகளின் ஊடாக. நாளைக்கு அலுவலகம் போகத்தான் வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விடத்தான் வேண்டும், இருக்கிற வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் அந்த வண்டி தேய்ந்து அடுத்தது வாங்கும் நாளில் அவர் மைலேஜ் கேட்பார். வீடு மாறும்போது வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப்பார்ப்பார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைப்பதா புறவழிச் சாலையில் வைப்பதா என்று யோசிக்கும் வியாபாரியின் கணக்கிலும் அந்த விலை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

சரக்கு லாரியை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். லாரித் தொழிலுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்போன நாமக்கல்லிலிருந்து இருபது டன் லோடு ஏற்றிக்கொண்டு மும்பைக்குப் புறப்படும் ஒரு லாரி, சேலம், பெங்களூரு, ஹூப்ளி, புனே என்று 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் அதை நல்ல வண்டி என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு நடைக்கு 300 லிட்டர் டீசல், அதாவது 800 கிலோ கரியமில வாயு. டிரைவர் பேட்டா, டோல், டயர், இன்ஷூரன்ஸ், வங்கித் தவணை ஆகிய அனைத்தையும் ஒரு பக்கம் வைத்தால் டீசல் ஒன்றே ஏறக்குறைய அதற்குச் சமமாக மறுபக்கம் நிற்கும். டீசல் விலை ஏறினால் முதலாளி வண்டியை நிறுத்திவிடுவதில்லை, உண்மைதான். வாடகையை உயர்த்திக் கேட்பார். கிடைக்காவிட்டால் ரிட்டன் லோடு இல்லாமல் வெறும் வண்டியாகத் திரும்புவதைத் தவிர்க்க இரண்டு நாள் காத்திருப்பார். டயரின் காற்றழுத்தத்தை ஒழுங்காகப் பார்க்கச் சொல்வார். எண்பதில் ஓட்டாதே, அறுபதில் ஓட்டு என்பார். இவையெல்லாம் சில்லறைச் சிக்கனங்கள். அவருடைய பெரிய தீர்மானம், அதாவது அடுத்த வண்டியைப் பத்துச் சக்கரத்தில் வாங்குவதா பதினான்கில் வாங்குவதா, பழையதை வைத்திருப்பதா விற்பதா என்பது, இந்த விலை நிலைக்குமா இறங்குமா என்று அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்த எதிர்பார்ப்பு என்னும் அம்சத்துக்குக் கொள்கை வகுப்போர் போதிய மதிப்புத் தருவதில்லை என்பதே என் பெரிய குறை.

இதற்கு ஆராய்ச்சியின் ஆதாரம் உண்டு. ஹியூஸ், நிட்டல், ஸ்பெர்லிங் ஆகிய மூவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கர்கள் 1970-களின் பிற்பகுதியில் பெட்ரோல் விலைக்குக் காட்டிய குறுகியகால உணர்ச்சியில் சிறு பகுதியையே 2001-க்கும் 2006-க்கும் இடையில் காட்டினார்கள் என்று கண்டது. வருமானம் உயர்ந்ததும், ஊர்கள் விரிந்து காரில்லாமல் வாழ முடியாத அமைப்பு ஏற்பட்டதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இதைக் கண்டு, விலையால் பயனில்லை என்று சிலர் அவசரமாக முடிவு செய்தார்கள். ஆனால் எண்ணெய்ச் சந்தையின் ஏற்றத்தாழ்வினால் வரும் விலை உயர்வு வேறு, சட்டத்தினால் வரும் வரி உயர்வு வேறு. ஸ்வீடன் 1990-ல் பெட்ரோலுக்கு மதிப்புக்கூட்டு வரியையும் 1991-ல் கரி வரியையும் விதித்தது. அந்த அனுபவத்தை ஜூலியஸ் ஆண்டர்ஸன் 2019-ல் ஆராய்ந்து, போக்குவரத்தின் கரியமில வாயு ஒரு சராசரி ஆண்டில் ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்தது, அதில் 6 சதவீதம் கரி வரியால் மட்டும் விளைந்தது என்று கணக்கிட்டார். அதே தொகைக்கு ஏற்படும் சாதாரண விலை ஏற்றத்தைவிடக் கரி வரிக்கு மக்கள் மூன்று மடங்கு அதிகமாகத் தங்கள் உபயோகத்தை மாற்றிக்கொண்டதாகவும் கண்டார். கச்சா எண்ணெய் இன்று ஏறும், நாளை இறங்கும் என்பதை அனைவரும் அறிவார்கள். சட்டமாகி, பத்திரிகைகளில் விவாதிக்கப்பட்டு, இனி இறங்காது என்று தெரிந்துவிட்ட வரியைக் கண்டுதான் அவர்கள் வண்டியையும் வழியையும் மாற்றுகிறார்கள்.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்னர் 2007-ல் இன்னும் பெரிய கேள்வி ஒன்றை எழுப்பினார். ஐரோப்பிய நாடுகள் பல தசாப்தங்களாகப் பெட்ரோலுக்கு விதித்துவந்த கனமான வரி, பருவநிலையை மனத்தில் வைத்து விதிக்கப்பட்டதன்று. சாலை போடவும், அன்னியச் செலாவணியை மிச்சப்படுத்தவும், பட்ஜெட்டை நிரப்பவும் விதிக்கப்பட்டது. ஆயினும் அந்நாடுகள் அமெரிக்காவைப்போலக் குறைந்த வரியோடு இருந்திருந்தால் அவற்றின் எரிபொருள் தேவை இரண்டு மடங்காக இருந்திருக்கும் என்பது அவர் கணக்கு. அமெரிக்காவின் மத்தியப் பெட்ரோல் வரியோ 1993-ல் காலனுக்கு 18.4 சென்ட் என்று நிர்ணயிக்கப்பட்டபின் உயர்த்தப்படாமலே, பணவீக்கத்தால் கரைந்துகொண்டு வந்திருக்கிறது.

இந்தியாவின் அனுபவம் இவற்றைவிடப் பன்முகமுடையது. விலைக்கு நம் ஜனங்கள் இணங்கி நடக்கிறார்களா என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாத பிரத்தியட்ச உதாரணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசல் விலை விவசாயியையும் லாரியையும் முன்னிட்டு அரசாங்கத்தின் பிடியிலேயே இருந்தது. 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. விளைவு என்ன? ஏழை விவசாயிக்காகக் குறைக்கப்பட்ட டீசலைக் கார் வாங்க வசதி படைத்தவர்கள் உபயோகிக்கத் தலைப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசலுடையவையாயின. 2013 ஜனவரி முதல் மாதம் ஐம்பது காசு வீதம் டீசலை உயர்த்த எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. இரண்டுக்கும் இடையிலிருந்த பள்ளம் நிரம்பியதும் டீசல் கார்களின் மவுசு தேயத் தொடங்கி, 2020 ஏப்ரலில் நாட்டின் மிகப் பெரிய கார் நிறுவனமான மாருதி அவற்றைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் டீசல் எஞ்சினின் விலை கூடியதும், டெல்லியில் பத்து ஆண்டான டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையும் இதில் பங்கு பெற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாதம் ஐம்பது காசு என்ற அந்தச் சிறிய, நிச்சயமான, முன்கூட்டித் தெரிந்த ஏற்றம், எந்தக் கிளர்ச்சியையும் கிளப்பாமல் ஒரு பெரிய மானியத்தைக் கரைத்ததும், கார் வாங்குவோரின் தீர்மானத்தைத் திருப்பியதும் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடமாகும்.

அதன்பின் நடந்தது அந்தப் பாடத்துக்கு நேர்மாறு. 2014-ன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த இடைவெளியில் மத்திய சர்க்கார் கலால் வரியை ஒன்பது முறை உயர்த்தி, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசும் டீசலுக்கு 13 ரூபாய் 47 காசும் கூட்டியது. 2014-15-ம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை இதை, கரிக்கு மானியம் கொடுத்த நாடு கரிக்கு வரி விதிக்கும் நாடாக மாறியதாக வர்ணித்தது. பாரிஸ் மாநாட்டுக்காக இந்தியா 2015 அக்டோபரில் சமர்ப்பித்த அறிக்கையிலும் இது இடம்பெற்றது. அந்த வர்ணனையில் நியாயம் உண்டு. பின்னர் 2020 மே மாதத்தில், கொரோனாக் காலத்தில் கச்சா எண்ணெய் மறுபடி சரிந்தபோது, ஒரே இரவில் பெட்ரோலுக்குப் பத்தும் டீசலுக்குப் பதின்மூன்றும் ஏற்றப்பட்டு, கலால் வரி முறையே 32 ரூபாய் 98 காசையும் 31 ரூபாய் 83 காசையும் எட்டியது; அன்று பங்க்கில் விலை மாறவில்லையாகையால் வரி ஏறியதையே பலர் அறியவில்லை. 2021 நவம்பரில் தீபாவளிக்கு முந்தின நாள் ஐந்தும் பத்தும் குறைந்தன. 2022 மே மாதத்தில் எட்டும் ஆறும் குறைந்தன. அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் தாமாக விலையை மாற்றாமல் ஏறக்குறைய இரண்டாண்டு வைத்திருந்து, 2024 மார்ச் 15 அன்று இரண்டு ரூபாய் குறைத்தன. மறுநாள் பாராளுமன்றத் தேர்தலின் தேதிகள் அறிவிக்கப்பட்டன. 2017 ஜூனிலிருந்து தினந்தோறும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்ற ஏற்பாடு காகிதத்தில் இருந்தது.

கச்சா எண்ணெய் இறங்கும்போது வரியை ஏற்றுவதும், அது ஏறும்போது வரியை இறக்குவதும் வாகனம் ஓட்டுபவரின் பர்ஸைக் காப்பாற்றும், கஜானாவையும் ஒருவாறு காப்பாற்றும். ஆனால் வண்டி வாங்குகிறவருக்கும் வண்டி தயாரிக்கிறவருக்கும் எந்தச் செய்தியையும் அது சொல்வதில்லை. ஸ்வீடனில் மூன்று மடங்கு பலன் தந்த அந்த 'இனி இறங்காது' என்ற உறுதி இங்கே எவருக்கும் கிடைப்பதில்லை. தொகையளவில் நம் வரி சிறியது என்று யாரும் எண்ண வேண்டாம். 2022 மே முதல் 2025 ஏப்ரல் வரை நிலவிய லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசு என்ற கலால் வரியைக் கரியமில வாயுவின் எடையால் வகுத்தால் டன்னுக்கு 8,500 ரூபாய்க்கு மேல் வருகிறது. மாநிலத்தின் வரி இதற்கு மேல். அதே சமயம் நிலக்கரிக்கு 2016-ல் டன்னுக்கு 400 ரூபாயாக உயர்த்தப்பட்ட தீர்வை, கரியமில வாயுவின் டன்னுக்கு 300 ரூபாயைக்கூட எட்டவில்லை. சாலைக்கும், விபத்துக்கும், நெரிசலுக்கும் சேர்த்தே எண்ணெய் வரி கட்டுகிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு அது போதாது.

விலை ஒருபுறம் இருக்க, வருமானம் என்னும் மற்றொரு சக்தி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. வருமானம் பத்து சதவீதம் உயர்ந்தால் நீண்டகாலத்தில் எரிபொருள் தேவையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் உயர்கிறது என்பது பல நாடுகளின் அனுபவம். நம் நாட்டில் 2001-ல் நூற்றுக்குப் பன்னிரண்டு குடும்பங்களிடம் இருந்த இருசக்கர வாகனம் 2011-ல் இருபத்தொன்றிடமும், 2019-21-ம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்போது சுமார் ஐம்பதிடமும் இருந்தது. கார் அப்போதும் நூற்றுக்கு எட்டுக் குடும்பங்களிடம்கூட இல்லை. 2013-14-ல் ஏறக்குறைய 17 மில்லியன் டன்னாக இருந்த பெட்ரோல் உபயோகம் 2023-24-ல் 37 மில்லியன் டன்னைத் தாண்டியது. டீசல் 68-லிருந்து 90 மில்லியன் டன்னை நெருங்கியது. இத்தனை வரிகளுக்கு இடையிலும் இந்த வளர்ச்சி! வரி இல்லாதிருந்தால் இது இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்பது மெய். வரியால் மட்டும் இதை நிறுத்த முடியாது என்பதும் அதே அளவு மெய். முதன்முதலாக ஒரு பைக் வாங்கும் குடும்பத்தைப் பூமியின் பெயரால் தடுப்பதற்கு எவருக்கும் தார்மிக உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். அந்த பைக் எதில் ஓடுகிறது என்பதைத்தான் கொள்கை மாற்ற வேண்டும்.

எரிபொருள் வரி ஏழையை வதைக்கிறதா? பெட்ரோலையும் டீசலையும் பொறுத்தவரை, அசோகங்குர் தத்தா இந்தியாவைப் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வு, காய்கறி, தானியம் முதலியவற்றின் விலை வழியே வரும் மறைமுகச் சுமையைச் சேர்த்துப் பார்த்தாலும் அந்த வரி வசதியுள்ளவர்களையே விகிதத்தில் அதிகம் தாக்குகிறது என்று கண்டது. மண்ணெண்ணெய் மட்டும் விதிவிலக்கு. எனினும் சராசரிக்குள் மறைந்துபோகும் மனிதர்கள் உண்டு. பிரான்சில் 2019 ஜனவரியில் டீசலுக்கு லிட்டருக்கு ஆறரை சென்ட் வரி கூட்டுவதென்று தீர்மானித்தபோது, பஸ்ஸும் ரயிலும் விட்டுப்போன சிற்றூர்களிலிருந்து மஞ்சள் சட்டை அணிந்தவர்கள் 2018 நவம்பர் 17 அன்று சாலைகளை மறித்தார்கள். அடுத்த மாதமே அந்த உயர்வு கைவிடப்பட்டது. பிரிட்டனில் 1993-ல் தொடங்கி, பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் தானே ஏறும்படி வகுக்கப்பட்ட எரிபொருள் வரித்திட்டம் நல்ல பலன் தந்தும், நூற்றாண்டின் முடிவில் கைவிடப்பட்டது; 2000 செப்டம்பரில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் எண்ணெய்க் கிடங்குகளை முற்றுகையிட்டபின் அதை மீட்க எவருக்கும் துணிவு வரவில்லை. வரிப்பணம் எங்கே போகிறது என்று தெரியாமலும், வண்டியை விட்டால் வேறு வழி இல்லாமலும் மக்கள் தவிக்கும் இடத்தில், எத்தனை சிறந்த வரியும் நிலைக்காது.

மாற்றுவழி இருந்தால்தான் நெகிழ்ச்சி இருக்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. இது சமூகநலத் திட்டமாகப் பேசப்படுகிறது. பஸ் எண்ணிக்கையும் நேரமும் சரியாக இருந்தால் இதுவே எரிபொருள் கொள்கையும் ஆகும். சரக்கிலோ, 1950-51-ல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமந்த ரயில், இன்று மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சுமக்கவில்லை. நாமக்கல் லாரிக்காரரின் 300 லிட்டர் டீசலுக்கு மாற்று, ரயில் பாதையின் அருகில் லோடு இறக்கி ஏற்றும் வசதியில்தான் இருக்கிறது.

எஞ்சினின் திறமையை உயர்த்தும் விதிகளும் தேவையே. ஆனால் நீராவி எஞ்சின் சிக்கனமானதால்தான் நிலக்கரிச் செலவு பெருகியது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-ல் எச்சரித்ததை மறக்கலாகாது: மைலேஜ் கூடினால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும், ஓட்டம் கூடும். அந்தக் கசிவை அடைப்பதற்கும் வரியே துணை. எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது இறக்குமதியைக் குறைக்கலாம். கரும்புக்குப் பாயும் தண்ணீரையும், எத்தனாலின் குறைந்த வெப்ப சக்தியையும் கணக்கில் எடுத்தால் அதனால் பருவநிலைக்குக் கிட்டும் லாபம் சொல்லப்படுவதைவிடச் சிறிது என்பதே என் முடிவு. மின்வண்டிகளின் நிலை வேறு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் மின்ஸ்கூட்டர்கள், பெட்ரோலில் ஐந்தில் மூன்று பங்கைக் குடிக்கும் இருசக்கர வாகனக் கூட்டத்தையே நேராகத் தொடுகின்றன. பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள செலவு வித்தியாசமே அவற்றை விற்கச் செய்கிறது. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வரியால் ஆனது. அடுத்த தேர்தலுக்கு முன் வரி குறையலாம் என்று வாங்குகிறவர் நம்பும்வரை, அந்த வித்தியாசத்தை நம்பி அவர் முதல் போடமாட்டார். தவிர, 2020-21-ல் எண்ணெய்ப் பொருட்களிலிருந்து மூன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கலால் பெற்ற மத்திய கஜானா, பெட்ரோல் குறையக் குறைய எதை நம்பி நிற்கும் என்பதற்கும் இன்றே விடை தேட வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது புதிய வரி அன்று. இருக்கிற வரியின் ஒரு பகுதியைக் கரி வரி என்று பெயரிட்டுப் பிரித்து, அது கச்சா எண்ணெயின் ஏற்றத்தாழ்வோடு ஆடாதபடி ஐந்தாண்டுக்கான அளவைச் சட்டத்தில் எழுதி, 2013-ன் ஐம்பது காசைப்போலச் சிறு படிகளில் உயர்த்தி, அதன் வருமானத்தைப் பஸ்களுக்கும் ரயில் சரக்கு நிலையங்களுக்கும் கணக்குக் காட்டிச் செலவிட மத்திய நிதியமைச்சர் அடுத்த பட்ஜெட்டிலேயே முன்வர வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பெட்ரோல் விலையை எப்போது குறைப்பீர்கள் என்று கேட்கும் வாசகர்கள், எங்கள் ஊருக்கு இன்னும் எத்தனை பஸ் விடுவீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.